நூல் வைத்து அளந்த மலைப்பாதை

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
திருவருகைக் கால முதல் ஞாயிறு, நவம்பர் 30.

என் அன்பு மகள் ஃபெமினாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, நான், நாலு ஆடு, மிஞ்சின கோழி எல்லோரும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் டேவிட் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கிற என் ராசாவோ ராசாத்தியோ அதுவும் சுகம் என்று தெரிந்தால்தான் எங்கள் சுகம் முழுச் சுகம். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு என்ன கடிதம் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் நான் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்தாலே நீ "ஒண்ணும் ஆகாதும்மா, சும்மா இரு" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் என்ன விலை என்று கேட்கிறாய், மாப்பிள்ளை அன்றைக்கு உன் பிரசவ விஷயத்தை வாய் தவறிச் சொன்னதிலிருந்து நான் உனக்குக் கத்திரிக்காய் விலைதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடிதத்தில் உன்னால் என் பேச்சை மாற்ற முடியாது பார். எழுதி முடித்ததும் அப்பா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவார். உட்கார்ந்து படி, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு படிக்காதே, வீங்கும்.

இங்கே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, குளம் நிரம்பிக் கலிங்கில் தண்ணீர் போகிறது, கடலைக்கொடி பாதி அழுகிப்போயிற்று என்று அப்பாவுக்கு வருத்தம். பக்கத்து வீட்டு ராஜலட்சுமி மகள் இளமதிக்குப் போன வாரம் ஆண் குழந்தை. வலி எடுத்ததும் போன் போட்டார்கள், நூற்றெட்டு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது, புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரியில் சுகப் பிரசவம். பிள்ளை பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் உன்னைத்தான் விசாரித்தார்கள். ராஜலட்சுமி சொன்னாள், "ஒங்களுக்கு என்னக்கா கவலை, அமெரிக்கா ஆஸ்பத்திரி, ராணியாட்டம் வச்சுப் பாப்பாங்க". நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்திருக்கிறேன், அப்பா பார்த்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உன் அப்பாவை நீ கேட்கிறாயே, அவர் பாடு இதுதான். போனில் உங்கள் ஊரின் குளிரைக் காட்டும்படி வைத்துக்கொண்டு காலையில் எழுந்ததும் ஜெபத்துக்கு முன்னால் அதைத்தான் பார்க்கிறார். முந்தாநாள் மைனஸ் பதினெட்டு என்று போட்டிருந்தது. மனிதர் எழுந்துபோய் ஃபிரிட்ஜின் மேல்பெட்டியைத் திறந்து கையை உள்ளே வைத்துக்கொண்டு நின்றார். என்னங்க செய்றீங்க என்றால், "புள்ள இருக்குற ஊரு எப்புடி இருக்குன்னு பாக்குறேன்" என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மீன் வாடை அடிக்கிற கையோடு போய் ஆட்டை அவிழ்த்துக் கட்டினார்.

உன் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருஷம் சமூக அறிவியல் நடத்தினவள் நான், வட அமெரிக்காவைக் கரும்பலகையில் எத்தனை தடவை வரைந்திருப்பேன். மேற்குப் பக்கம் பழுப்புச் சாக்பீஸால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்து, பிள்ளைகளா இதுதான் ராக்கி மலைத்தொடர் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். அந்தச் சாக்பீஸ் கோட்டுக்குள் ஊர் உண்டு, ஊருக்குள் ஜனம் உண்டு, ஒருநாள் என் வயிற்றுப் பிள்ளை அங்கே பிள்ளை உண்டாகி உட்கார்ந்திருப்பாள் என்று நான் கண்டேனா. கால்டர் ஃபோர்க் சிட்டி என்று நீ சொன்னதும் சிட்டி என்றால் குறைந்தபட்சம் திருச்சி அளவாவது இருக்கும் என்று நானாக முடிவு கட்டி, ஆவூர்க் கோயில் வாசலில் நின்று என் மகள் பெரிய பட்டணத்தில் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். பிறகு நீங்கள் இருவரும் ஊர் எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ வந்தது. நீ போட்டிருக்கிற கோட்டு நன்றாக இருக்கிறதா என்று கேட்டாய். நான் கோட்டைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தேன். மக்கள்தொகை இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு, உயரம் ஏழாயிரத்து நூற்றுச் சொச்சம் அடி. நம் கீரனூர் ஜனத்தில் கால்வாசி தேறுமா என்று சந்தேகம், அதைக் கொண்டுபோய்க் கொடைக்கானல் உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் சிட்டி. அப்போது அப்பாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம், நீங்கள் இரண்டு பேர் குடியேறியதை அந்தப் பலகையில் கூட்டி எழுதினார்களா என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா. ஜனம் குறைந்தால் என்னென்ன குறையும் என்று அன்றைக்கு எனக்கு யோசனை வரவில்லை. சுரங்கம் மூடி, இளவட்டங்கள் எல்லாம் வெளியூர் போய், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காமல்தானே நம் மாப்பிள்ளையைக் கடல் தாண்டிக் கூப்பிட்டார்கள். பிள்ளை பெறுகிறவர்களும் அங்கே கிடையாது என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது. பாடம் நடத்தினவளுக்கு அது தோன்றவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை, பிரசவம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஊரில்தான் என்று சொன்னபோதுகூட எனக்கு ஒன்றும் தட்டவில்லை. அட்லஸை எடுத்தேன், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேனே, அதுபோலத் தையல் நூலை எடுத்து வளைவு நெளிவோடு ரோட்டின் மேல் வைத்து, பிறகு நீட்டி அளவுகோலில் பிடித்துப் பார்த்தேன். இங்கேயிருந்து மதுரை போகிற தூரம். அட இவ்வளவுதானா, இரண்டு மணி நேரம், உட்கார்ந்து எழுந்தால் ஆஸ்பத்திரி வாசல் என்று நூலைச் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போயிருந்தபோது மாப்பிள்ளையிடம், அவள் லேபில் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியை வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம் என்கிறாளே, அதிலேயே பிரசவம் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், "அத்த, ஒங்கள்ட்ட அவ சொல்லலையா" என்றார். அங்கே வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற மாதிரிதான் பிள்ளை பிறக்கிறது, அதனால் பிரசவ வார்டையே மூடிவிட்டார்கள், டாக்டரும் நர்ஸும் வேறு ஊர் போய்விட்டார்கள் என்றார். சரி, ரோடு இருக்கிறதே என்றேன். "இருக்கு அத்த, ஆனா பனி ரொம்ப விழுந்தா கணவாய்க்குக் கீழயே கேட்டப் போட்டு மூடிருவாங்க" என்றார். எனக்குக் கேட் என்றதும் நம் ரயில்வே கேட்தான் கண்ணில் வந்தது, வண்டி போனதும் திறந்துவிடுவான், அதுவரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டிருக்கலாம். எவ்வளவு நேரத்தில் திறப்பாங்க மாப்பிள்ளை என்று கேட்டேன். அவர் சிரித்தார், பாவம், எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டார். மறுநாளும் திறக்கலாம், அதற்கு மறுநாளும் திறக்கலாம், போன வருஷம் பிப்ரவரியில் நாலு நாள் திறக்கவில்லை என்றார். தெற்கே சுற்றிப் போகிற ரோடு ஒன்று உண்டாம், அதில் காற்று பனியை வாரி அடித்தால் முன்னால் போகிற லாரிகூடத் தெரியாதாம், அதையும் மூடிவிடுவார்களாம். உனக்கு நாள் குறித்திருப்பது பிப்ரவரி. நான் அட்லஸைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சமவெளிக்காரி நூலை வைத்து மலையை அளந்திருக்கிறேன். நம் ஊரில் தூரம் என்றால் தூரம்தான், மழையடித்தாலும் வெயிலடித்தாலும் மதுரை அங்கேயேதான் இருக்கும். அங்கே ஜூன் மாதத்தில் இரண்டு மணி நேரத்தில் இருக்கிற ஊர் பிப்ரவரியில் இல்லவே இல்லை. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது ஃபெமினா. சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், என் உடம்பு உனக்குத் தெரியும், ஆனால் நிஜமாகவே இறங்கவில்லை. வழி அடைபட்ட பிரசவத்தை நான் கண்ணால் பார்த்தவள். கர்ப்பிணிக்கு இதையெல்லாம் சொல்லக்கூடாது என்பார்கள், தெரியும், இருந்தாலும் முடிவு நல்ல முடிவுதான் என்பதால் எழுதுகிறேன். கஜா புயல் அடித்தபோது நான் ஆலங்குடிப் பக்கம் உன் தாய்மாமன் வீட்டில்தானே இருந்தேன், மாமா பெண்டாட்டி செல்வராணிக்கு அப்போது நிறைமாசம், துணைக்கு என்று போயிருந்தேன். காற்று நின்ற காலையில் வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி எட்டும் தூரம்தான், எப்போதும் நடந்தேகூடப் போயிருக்கிறோம். வாசலில் இறங்கினால் ரோட்டையே காணவில்லை, தென்னையும் பலாவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது, கரண்ட் கம்பி தரையில் கிடக்கிறது, போன் எடுக்கவில்லை. குட்டியானை வண்டியில் மெத்தையைப் போட்டு அவளைப் படுக்கவைத்து, முன்னால் ஆட்கள் அரிவாளும் ரம்பமுமாக மரத்தை வெட்டி வெட்டி விலக்க, வண்டி அடி அடியாக நகர்ந்தது. பிள்ளை ரோட்டிலேயே பிறந்துவிட்டது. இன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் போகிறான், மாமா வீட்டில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள், புயல் என்று அவனுக்குப் பட்டப்பெயர்கூட உண்டு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இன்னும் எம்புட்டு மரம் கெடக்கு" என்று கேட்டுக்கொண்டே வந்தாளே, அது என் காதில் இப்போதும் இருக்கிறது. நான் இன்னும் ஒண்ணுதான், இன்னும் ஒண்ணுதான் என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தேன். உனக்கு அந்தப் பொய்யைச் சொல்ல நான் பக்கத்திலும் இல்லை. அங்கே பனியை வெட்டி வழிவிட ஊர் ஆண்கள் அரிவாளோடு வரவும் முடியாது.

நீ என்னென்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், நான் பெற்றவள். ஹெலிகாப்டர் வரும் என்றாயாமே மாப்பிள்ளையிடம். ஹெலிகாப்டர் என்று சொன்னால் ஊரில் இருக்கிற கிழவி வாயடைத்துப்போவாள் என்று நினைத்தாயா. ரோட்டை மூடுகிற காற்றில் அது பறக்குமா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன், அவர் பேச்சை மாற்றி அப்பாவின் முட்டி வலியை விசாரித்தார். லேபில் லீவு இப்போதே எடுத்தால் பிள்ளை பிறந்த பிறகு கிடைக்காது என்பாய். அதற்குத்தான் நான் வருகிறேன், நீ சீக்கிரம் வேலைக்குத் திரும்பு, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். இரத்தம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க உன்னை விட்டால் அந்த ஊரில் ஆள் இல்லை என்பாய். இருக்கட்டும், நீ படித்த படிப்பால் அந்த இரண்டாயிரம் பேருக்கு நன்மை என்றால் எனக்குப் பெருமைதான். அந்த இரண்டாயிரம் பேரில் நீயும் ஒருத்தி. உனக்கு யார் பார்ப்பார்கள் என்பதை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டாயே. அம்மாவிடம் சொன்னால் பயப்படுவாள் என்று மறைத்தாய், உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையை நான் ஒரு வேலை ஏவினேன், நீ அவரைக் கோபித்துக்கொள்ளாதே. உங்கள் வீட்டுக்கார அம்மா டோரிஸ் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாயே, ஆஸ்பத்திரி கட்டுவதற்கு முன்னால் அந்த மலைக்குள்ளே இருந்த பெண்கள் எங்கே போய்ப் பிள்ளை பெற்றார்கள் என்று அவரைக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை போன் போட்டார். டோரிஸின் அம்மாவுக்கு இரண்டு பிள்ளை குளிர்காலத்துப் பிள்ளையாம். கிறிஸ்துமஸ் கழிந்ததும், கணவாய் திறந்திருக்கும்போதே, மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாராம். பெற்றெடுத்து, ரோடு தெளிந்த பிறகுதான் மலை ஏறுவாராம். அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் அதுதான் வழக்கம், ஆஸ்பத்திரி வந்ததும் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றாராம். ஃபெமினா, இது நம் வழக்கம் இல்லையா. ஏழாம் மாதம் வளையல் போட்டு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துவருகிறோமே, சாப்பாடு ஊட்டவும் சீராட்டவும் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வலி வந்த பிறகு எந்தப் பெண்ணும் வழியை நம்பக்கூடாது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதற்காகவும்தான் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள், வளையல் மட்டும்தான் போடவில்லை. நீ மூன்று மாதத்துக்கு முன்னால், இந்தக் காலத்துல தாய் வீடு அது இதுன்னு எதுக்கும்மா என்று என்னிடம் கேட்டாய். இப்போது பதில் சொல்லிவிட்டேன்.

ஆகையால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். உன்னிடம் கேட்காமல்தான் செய்தேன், கேட்டிருந்தால் நீ கத்திரிக்காய் விலை கேட்டிருப்பாய். நேற்று அப்பாவும் நானும் திருச்சிக்குப் போய் என் டிக்கெட்டை மாற்றிவிட்டோம். ஜனவரிக் கடைசியில் உன் ஊருக்கு வருவதாக இருந்தது இல்லையா, இப்போது ஜனவரி முதல் வாரமே, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த மறுநாளே கிளம்புகிறேன், அதுவும் கால்டர் ஃபோர்க்குக்கு இல்லை, நேரே அந்தப் பெரிய ஊருக்கு. அப்பாவுக்கு முட்டி ஒத்துழைக்காது, நான் தனியாகத்தான் வருகிறேன். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்த அறை ஒன்று பார்த்து வைப்பதாக ஒத்துக்கொண்டார், அவரைத் திட்டாதே, அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார், உனக்குத் தெரியாமல் என்னிடம் சொல்லிவிட்டார். வேளாங்கண்ணியைத் தாண்டித் தனியாகப் போகாதவள், விமானத்தில் பெல்ட் போடத் தெரியாதவள், சாக்ஸ் போட்டால் வழுக்கி விழுகிறவள், பனிக்குள்ளே ஒரு மனுஷர் தெரியாத ஊரில் போய் உட்கார்ந்திருப்பேன். நீ மலையை விட்டு இறங்கி வந்தால் ஆச்சு, வராவிட்டால் உன் அம்மா அங்கே தனியாகக் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பாள், உனக்கு மனசு கேட்குமா என்று பார்க்கிறேன். நான் இருந்து ரசம் வைக்கிற அறைதான் உனக்கு இந்தத் தடவை தாய் வீடு. வளையல் கொண்டுவருகிறேன், கண்ணாடி உடையாமல் வர வேண்டும் என்று துணிக்குள் சுற்றி வைத்துவிட்டேன்.

இறங்கி வருகிற அன்றைக்குக் காற்றும் பனியும் எப்படி என்று பார்த்துப் பகலில் கிளம்புங்கள், வண்டியில் டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள், இரண்டு கம்பளி, தண்ணீர், தின்ன ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், டோரிஸ் அம்மாவிடம் கிளம்புகிற நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை மறக்காதே. படியில் ஐஸ் கட்டியிருக்கும், தனியாக இறங்காதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள், வெட்கம் என்ன. நேற்றுத் திருச்சியிலிருந்து திரும்பினதும் உனக்காகப் பெரியநாயகி மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினோம், அப்பா முட்டி போட முடியாமல் முட்டி போட்டார். ஆரோக்கியநாதரும் மாதாவும் உன் தலைமாட்டில் நிற்பார்கள், உனக்குத் தேக பலமும் மனத் தைரியமும் கொடுப்பார்கள், அப்பாவும் நானும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். படித்ததும் போன் போடு, வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல், வேறு ஒன்றும் வேண்டாம்.

இன்னொன்று. பனி உருகி, கேட் திறந்து, நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே மலை ஏறும்போது அந்த ஊர்ப் பலகைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வேன். அந்த இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு எப்போது எழுதினதோ, யார் எண்ணினதோ எனக்குத் தெரியாது. அதில் ஒன்று கூட வேண்டும் ஃபெமினா. ஒன்றுகூடக் குறையக்கூடாது.

உன் வரவுக்கு முன்னால் வந்து காத்திருக்கப்போகிற
அம்மா,
இ. சந்தனமேரி.

அப்பா இதைப் படித்துவிட்டு, தான் எழுத ஒன்றும் இல்லை என்கிறார். "எறங்கி வந்துரு ஆத்தா" என்று மட்டும் எழுதச் சொன்னார்.